நூறு பாகையிற் கொதிக்கும் நீர்: திறனாய்விற் பயிலும் ஓர் உவமை பற்றி

மார்க்சியத் திறனாய்வைத் தமிழிற் பயில்வோர் யாவரும் ஏதோவொரு கட்டத்தில் ஒரு கேத்தல் நீரைச் சந்தித்திருப்பர். அந்நீர் அடுப்பில் ஏற்றப்படும். அதன் வெப்பநிலை பாகை பாகையாக உயரும். தொண்ணூற்றொன்பது பாகை வரை அது நீராகவே இருக்கும். நூறாவது பாகையில் திடீரென ஆவியாகும். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகப் பாய்கின்றது என்ற விதி இதனால் நிறுவப்பட்டதாகக் கொள்ளப்படும். அடுத்த பந்தியிலேயே அவ்விதி இலக்கியத்தின்மீது பிரயோகிக்கப்படும். ஒரு காலப்பகுதியின் எழுத்துக்களிற் 'பாய்ச்சல்' உண்டா இல்லையா என்று தேடப்படும். பாய்ச்சல் காணப்படின் அவ்வெழுத்து முற்போக்கானது. காணப்படாவிடின் அது தேக்கத்தின் வெளிப்பாடு.

இவ்வுவமை பற்றி இருவகை மனோபாவங்கள் நம்மிடையே நிலவுகின்றன. ஒரு சாரார் அதனை நிரூபணமாகவே ஏற்கின்றனர். பௌதிகவியல் சொல்வது விஞ்ஞானம்; ஆகவே அதிலிருந்து பெறப்பட்ட எமது கூற்றும் விஞ்ஞானம் என்பது அவர்தம் நியாயம். மறு சாரார், இயற்கை விஞ்ஞானம் அறியாத இலக்கியகாரர் அதன் பெயரை வெறுமனே உச்சரிக்கின்றனர் என நகைத்து, உவமையோடு சேர்த்து இயங்கியல் முழுவதையுமே ஒதுக்கிவிடுகின்றனர். இரு சாராரிடமும் ஒரு குறை பொதுவாக உண்டு. நீர் உண்மையில் எவ்வாறு கொதிக்கின்றது என்று இருவருமே கேட்பதில்லை.

இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து தொடங்குகின்றது. வெப்பநிலை, சடப்பொருளின் அவத்தைகளான திண்மம், திரவம், வாயு, இலட்சிய வாயுவின் விதிகள் ஆகியன பற்றி உயர்தர வகுப்பு மாணவன் கற்கும் ஆரம்பப் பௌதிகமே இதற்குப் போதுமானது. அப்பாடத்தை முழுமையாக வாசிப்போமாயின், நமது திறனாய்வு இரவல் பெற்றது அதன் மிக வறிய பகுதியையே என்பதும், பெறாது விட்ட பகுதியே இலக்கிய ஆய்வுக்குப் பெரிதும் பயன்படத்தக்கது என்பதும் புலனாகும். விஞ்ஞானபூர்வமான திறனாய்வு என்று நாம் உரிமை பாராட்டும் ஒன்றின் நேர்மை இங்கு பரிசோதனைக்குள்ளாகின்றது.

1. உவமை வந்த வழி

இவ்வுவமைக்கு ஒரு நூல் வரலாறு உண்டு. 1812இற்கும் 1816இற்கும் இடையில் வெளிவந்த தமது தருக்கவியல் நூலில் ஹெகல் இதனை எடுத்தாள்கின்றார். குளிரும் நீர் களிபோலப் படிப்படியாக இறுகுவதில்லை, ஒருங்கே பனிக்கட்டியாகின்றது என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு. ஆனால் அதே இடத்தில் அவர் இன்னொன்றையும் குறிப்பிடுகின்றார். உறைநிலையை எய்திய பின்பும் நீர் அசைவற்றிருப்பின் திரவமாகவே நிற்கக்கூடும். சிறிய அசைவு ஒன்று நேர்ந்ததும் அது திண்மமாகிவிடும். அதாவது, உரிய பாகையை அடைந்தமை மாத்திரம் மாற்றத்திற்குப் போதுமானதன்று என்பதை ஹெகல் அறிந்திருந்தார்.

ஏங்கெல்ஸ் 'டூரிங்குக்கு மறுப்பு' நூலில் (1878) இவ்வெடுத்துக்காட்டை ஆளுமிடத்து, சாதாரண வளிமண்டல அமுக்கத்தின் கீழ் என்ற நிபந்தனையைத் தெளிவாகச் சேர்க்கின்றார். அவர் மறைந்த பின், 1925இல் மொஸ்கோவில் வெளியிடப்பட்ட 'இயற்கையின் இயங்கியல்' கையெழுத்துப் பிரதியிலும் அமுக்கம் பேசப்படுகின்றது. வாயுக்களின் அவதிப் புள்ளியும் அங்கு பெயர் சுட்டப்படுகின்றது. இயங்கியல் பொருள்முதல்வாதம், வரலாற்றுப் பொருள்முதல்வாதம் பற்றி 1938இல் ஸ்டாலின் எழுதிய சிறுநூல் ஏங்கெல்சின் இப்பகுதியை நீளமாகவே மேற்கோள் காட்டுகின்றது. குறிப்பிட்ட அமுக்கத்தில் என்ற சொற்கள் அம்மேற்கோளிலும் உண்டு.

எனவே நிபந்தனைகளை நீக்கியோர் மூலவர்கள் அல்லர். கைநூல்களும் வகுப்புக் குறிப்புகளும் மேடைப் பேச்சுகளும் அவற்றை ஒவ்வொன்றாக உதிர்த்தன. ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதுவோர் அடிகளை விட்டுவிடும்போது பாடம் சிதைவதுண்டு. நமக்கு வந்து சேர்ந்த கேத்தல் நீரும் அத்தகைய சிதைந்த பாடமே. பதிப்பாசிரியன் செய்ய வேண்டிய பணி இங்கும் உண்டு. விடுபட்ட அடிகளைப் பௌதிகவியலின் துணைகொண்டு மீட்டல் வேண்டும்.

2. வெப்பமானி காட்டாதது

முதலில் விடுபட்டது மறைவெப்பம். வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்பதே இப்பாடத்தின் முதற்படி. வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற இயக்கம் சராசரியாக எத்துணைத் தீவிரமானது என்பதன் அளவு. வெப்பமோ ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் சக்தி. ஒரு கிறாம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 யூல் சக்தி வேண்டும். பூச்சியத்திலிருந்து நூறு பாகைக்குக் கொணர ஏறத்தாழ 420 யூல் செலவாகும். அதே ஒரு கிறாம் நீர், நூறு பாகையில் நின்றவாறே, முற்றாக ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,260 யூல் வேண்டும். இது முன்னைய பயணம் முழுவதற்கும் ஆன செலவின் ஐந்து மடங்குக்கும் அதிகமானது. இவ்வளவு சக்தி உட்செல்லும் காலமெல்லாம் வெப்பமானியின் இரசம் அசைவதில்லை. உட்சென்ற சக்தி மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டுவதிற் செலவாகவில்லை; அவற்றைப் பிணைத்து வைத்திருந்த கவர்ச்சியை அறுப்பதிலும், சுற்றியுள்ள வளியைத் தள்ளி இடம் பெறுவதிலுமே செலவாகின்றது.

நமது உவமையின் நிலை இதனால் தலைகீழாகின்றது. வெப்பநிலை ஏறி ஏறி இறுதியில் கணப்பொழுதிற் பாய்ச்சல் நிகழ்கின்றது என்று நாம் கூறிவந்தோம். உண்மையில், பண்பு மாறிக்கொண்டிருக்கும் வேளையில் அளவு ஏறுவதில்லை. தொண்ணூற்றொன்பதாம் பாகைக்கும் நூறாம் பாகைக்கும் இடைப்பட்ட 4.2 யூல் அன்று, அதற்குப் பின்வரும் 2,260 யூலே மாற்றத்தைச் செய்கின்றது. பாய்ச்சல் எனப்படுவதே முழுச் செயற்பாட்டிலும் நீண்டதும் அதிக உழைப்பை வேண்டுவதுமான பகுதி. அப்பகுதி முழுவதும் நீரும் ஆவியும் ஒரே வெப்பநிலையில், ஒரே பாத்திரத்தில் அருகருகே இருக்கின்றன.

மறைவெப்பத்தை 1760களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஆராய்ந்து கண்டவர் ஜோசப் பிளக். அக்காலத்து உற்பத்தியோடு அவ்வறிவுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. சுரங்கங்களிலிருந்து நீரிறைக்க நியூகொமன் அமைத்த நீராவி இயந்திரம் 1712 முதல் இயங்கிவந்தது. ஒவ்வோர் அடிப்பிலும் அதன் உருளை சூடாக்கப்பட்டுப் பின் குளிர்விக்கப்பட்டமையால் அது அளவிறந்த நிலக்கரியை உண்டது. அதே பல்கலைக்கழகத்திற் கருவித் திருத்துநராகத் தொழில் புரிந்த ஜேம்ஸ் வாட், ஆவி இத்துணை வெப்பத்தைச் சுமப்பது ஏன் என்பதற்குப் பிளக்கிடம் விளக்கம் பெற்றார். 1765இல் ஆவியை வேறொரு கலத்திற் குளிர்விக்கும் முறையை அவர் கண்டார். வெப்பவியல் ஆரம்பந்தொட்டே உழைப்போடும் எரிபொருட் செலவோடும் பிணைந்து வளர்ந்தது. நமது உவமை உதிர்த்த பகுதி, அதாவது பாய்ச்சலுக்கு ஆகும் செலவு, அவ்வியந்திரத்தை ஓட்டியவர்களுக்கு முதற் கவலையாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இலக்கிய வரலாற்றாசிரியனுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் தெளிவானது. வெப்பமானி அசையாத காலப்பகுதியைத் தேக்கம் என்று எழுதிவிடுதல் தவறு. புகழ்பெற்ற படைப்புகள் எவையும் தோன்றாத பத்தாண்டுகளில், வாசிகசாலைகளிலும் கையெழுத்துச் சஞ்சிகைகளிலும் இரவுப் பாடசாலைகளிலும் பழைய பிணைப்புகள் அறுபட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அங்கு சென்ற சக்தி எவ்வளவு என்று கணக்கிடுவதே ஆய்வு. வெப்பமானியை மாத்திரம் வாசிப்பது ஆய்வாகாது.

3. அமுக்கமும் வித்தும்

இரண்டாவதாக விடுபட்டது அமுக்கம். நீர் கொதிப்பது, அதன் ஆவியமுக்கம் மேலிருந்து அதனை அழுத்தும் அமுக்கத்துக்குச் சமமாகும் போதாகும். கடல் மட்டத்திலுள்ள யாழ்ப்பாணத்திலே நீர் நூறு பாகையிற் கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடிய அமுக்கச் சமையற் பாத்திரத்துள் 120 பாகை வரையும் அது கொதியாதிருக்கும். ஆகவே 'நூறு பாகை' என்பது நீரின் மாறா இயல்பு அன்று. நீருக்கும் அதன் சூழலுக்கும் இடையிலான ஓர் உறவின் பெயர்.

இதனை மறந்தமையால் நமது திறனாய்விற் சில விநோதங்கள் நிகழ்ந்தன. ஐரோப்பாவில் இன்ன வர்க்கம் இன்ன கட்டத்தை அடைந்தபோது நாவல் தோன்றியது. ஆகவே இங்கும் அதே பாகையில் அதே வடிவம் தோன்ற வேண்டும் எனச் சிலர் எதிர்பார்த்தனர். தோன்றாதவிடத்து அச்சமூகத்திற்கு ஏதோ குறை என்றனர். குடியேற்ற ஆட்சியின் அமுக்கமும் சாதியமைப்பின் அமுக்கமும் வேறாக இருந்த இடத்திற் கொதிநிலையும் வேறாகத்தான் இருக்கும். ஒரே நாட்டினுள்ளும் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து எழுந்த இலக்கியத்தையும் குடாநாட்டுக் கிராமத்திலிருந்து எழுந்த இலக்கியத்தையும் ஒரே வெப்பமானியால் அளந்து ஒன்றைப் பிந்தியது என்று தீர்த்தல் பொருந்தாது.

மூன்றாவதாக விடுபட்டது வித்து. நீரினுள் ஆவிக்குமிழி ஒன்று முதன்முதலில் உருவாவது எளிதன்று. மிகச் சிறிய குமிழியை நீரின் மேற்பரப்பிழுவிசை நசுக்கிவிடும். பாத்திரத்தின் சுவரிலுள்ள கீறல், அதில் அகப்பட்ட சிறிது வளி, ஒரு தூசு ஆகியவற்றுள் ஏதாவதொன்றைப் பற்றிக்கொண்டே குமிழி வளர்கின்றது. அழுத்தமான கண்ணாடிக் குடுவையில் வளி நீக்கப்பட்ட தூய நீரை நூறு பாகைக்கு மேலும் கொதியாது வைத்திருக்கலாம். பின்னர் அது ஆபத்தான முறையிற் பொங்கியெழும். இதனாலேயே ஆய்வுகூடங்களிற் குடுவையுள் உடைந்த பீங்கான் துண்டுகளை இடுகின்றனர். மறுமுனையிலும் இதே நிலைதான். தூய நுண்ணிய நீர்த்துளிகள் பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 38 பாகை வரையும் உறையாதிருக்கக்கூடும். ஹெகல் குறிப்பிட்ட அசைவற்ற நீர் இவ்வகையினதே.

புறநிலை பழுத்தும் மாற்றம் நிகழாமைக்கு வித்தின்மை காரணமாகலாம் என்பது இதன் பொருள். ஒரு சிறு சஞ்சிகை, ஒரு எழுத்தாளர் சங்கம், பத்துப்பேர் கூடும் ஒரு முடிதிருத்தகம் ஆகியன இத்தகைய கீறல்களாகும். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றியமையும், டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை' 1966இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரத் தொடங்கியமையும் தாமே வெப்பத்தை உண்டாக்கவில்லை. உண்டாகியிருந்த வெப்பம் குமிழியாவதற்கு அவை இடமளித்தன. பொருளாதார அடித்தளத்தை மாத்திரம் எண்ணும் திறனாய்வு இவற்றைத் தற்செயல் என்று தள்ளும். தனிமனித முயற்சியை மாத்திரம் எண்ணும் திறனாய்வு இவற்றையே முழுக் காரணம் எனக் கொள்ளும். இரண்டும் ஒருதலைப்பட்சமானவை.

4. எல்லைக்கோடு முடியுமிடம்

இதுகாறும் கூறியவை உவமையை வளம்படுத்துவன. இனி வருவது அதனை வரையறுப்பது. மார்க்சியர் இதனையும் மறையாது ஏற்றல் வேண்டும்.

1869இல் பெல்பாஸ்டைச் சேர்ந்த தோமஸ் அன்ட்றூஸ் காபனீரொட்சைட்டு வாயுவைப் பல்வேறு வெப்பநிலைகளில் அமுக்கி ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். ஏறத்தாழ 31 பாகைக்குக் கீழே அவ்வாயுவை அமுக்கினால் ஓரிடத்தில் திரவம் தோன்றும். வாயுவுக்கும் திரவத்துக்கும் இடையிலான எல்லை கண்ணுக்குத் தெரியும். 31 பாகைக்கு மேல் எவ்வளவுதான் அமுக்கினும் அத்தகைய எல்லை தோன்றாது. பொருள் மென்மேலும் அடர்த்தியாகும். எக்கணத்தில் அது வாயுவாக இருப்பதை விட்டுத் திரவமானது என்று எவராலும் சொல்லவியலாது. நீருக்கும் இத்தகைய அவதி வெப்பநிலை உண்டு. அது ஏறத்தாழ 374 பாகை. உரிய அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 218 மடங்கு. நீரை அமுக்கத்தின் கீழ் வைத்து இப்புள்ளியைச் சுற்றிக் கொண்டுசென்று, பின்னர் அமுக்கத்தைத் தளர்த்தினால், ஒரு குமிழி கூடத் தோன்றாமல் திரவம் வாயுவாகிவிடும்.

ஏங்கெல்ஸ் அவதிப் புள்ளியைப் பண்பு மாற்றம் நிகழும் முடிச்சுகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகின்றார். அதன் மறுபக்கமோ வேறுவகையானது. ஒரே தொடக்கத்திலிருந்து ஒரே முடிவுக்குப் பாய்ச்சலோடும் செல்லலாம், பாய்ச்சலின்றியும் செல்லலாம். எவ்வழி என்பதைத் தீர்மானிப்பவை நிலைமைகள். ஆகவே 'எல்லாப் பண்பு மாற்றமும் பாய்ச்சலே' என்ற பொதுச்சூத்திரத்துக்கு நீரையே சாட்சியாக அழைக்க முடியாது. அச்சாட்சி குறுக்கு விசாரணையில் மாறிவிடும்.

தமிழ் இலக்கிய வரலாற்றில் இருவகை வழிகளுக்கும் இடமுண்டு. உரையாசிரியர்களின் வசனத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நவீன வசனத்துக்கு வந்த பாதையிற் கோடு கிழிக்கத்தக்க இடம் ஒன்றைக் காட்டுதல் கடினம். யாப்பிலிருந்து புதுக்கவிதைக்கு வந்த பாதையிலோ குமிழிகளும் இரைச்சலும் யாவருக்கும் தெரிந்தன. இரண்டாவதையே மாற்றம் என்று எண்ணிப் பழகிய கண் முதலாவதைக் காண்பதில்லை.

5. ஒருபோதும் கொதியாத வாயு

பௌதிகப் பாடநூலில் அவத்தை மாற்றத்துக்கு அடுத்துவரும் அத்தியாயம் பெரும்பாலும் இலட்சிய வாயு பற்றியதாகும். நமது திறனாய்வு இவ்வத்தியாயத்தைத் திறந்தே பார்க்கவில்லை. இலக்கிய ஆய்வுக்கு மிகக் கூர்மையான பாடம் இங்குதான் உண்டு என்பது என் கருத்து.

வெப்பநிலை மாறாதிருப்பின் வாயுவின் அமுக்கமும் கனவளவும் ஒன்றுக்கொன்று நேர்மாறு விகிதத்தில் அமையும் என்று 1662இல் போயில் வெளியிட்டார். அமுக்கம் மாறாதிருப்பின் கனவளவு தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது சாள்சு, கேலுசாக் ஆகியோரின் பேறு. 1834இல் கிளப்பேரன் இவற்றை ஒரே சமன்பாடாக இணைத்தார். இச்சமன்பாட்டுக்கு முற்றாகக் கீழ்ப்படியும் வாயுவே இலட்சிய வாயு எனப்படுவது. அத்தகைய வாயுவின் மூலக்கூறுகள் கனவளவற்ற புள்ளிகளாகக் கருதப்படுகின்றன. அவை ஒன்றையொன்று கவர்வதில்லை. மோதுங்கணம் தவிர, ஒன்று மற்றொன்றின் இருப்பையே அறிவதில்லை.

இவ்வெடுகோள்களின் விளைவு யாது? இலட்சிய வாயு ஒருபோதும் திரவமாகாது. அதனை எவ்வளவு குளிர்வித்தாலும், எவ்வளவு அமுக்கினாலும், சமன்பாடு கனவளவைக் குறைத்துக்கொண்டே போகுமேயன்றி ஒரு துளியையும் தராது. மூலக்கூறுகளிடையே கவர்ச்சியில்லாதவிடத்து அவை கூடி நிற்பதற்குக் காரணமில்லை; கூடுதலின்றிப் புதிய அவத்தை இல்லை. 1873இல் லைடனில் வான் டெர் வால்ஸ் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில் மூலக்கூறின் பருமனையும் மூலக்கூறுகளிடையேயான கவர்ச்சியையும் சமன்பாட்டிற் சேர்த்தார். உடனே அச்சமன்பாடு திரவமாதலையும் அன்ட்றூஸ் கண்ட அவதிப் புள்ளியையும் விளக்கவல்லதாயிற்று. நிரந்தர வாயுக்கள் என எண்ணப்பட்டவற்றுள் ஒன்றாகிய ஒட்சிசன் 1877இல் திரவமாக்கப்பட்டது; இறுதியாக எஞ்சிய ஈலியம் 1908இல் அதே லைடனில் திரவமாயிற்று.

தனித்தனி மனிதரை முதலிற் கொண்டு அவர்தம் கூட்டலே சமூகம் என எண்ணும் சிந்தனையை மார்க்ஸ் 1857இல் எழுதிய முன்னுரையில் ரொபின்சன் குரூசோக் கதைகளோடு ஒப்பிட்டு எள்ளினார். இலக்கியத்திலும் அத்தகைய ரொபின்சன்கள் உண்டு. எழுத்தாளனைக் கனவளவற்ற புள்ளியாகவும், செல்வாக்கு என்பதை இரு புள்ளிகளின் மோதலாகவும் கொள்ளும் திறனாய்வு இவ்வகையினது. மேதைகளின் வரிசையாக எழுதப்படும் இலக்கிய வரலாறு இலட்சிய வாயுவின் வரலாறேயாகும். அதனால் எழுத்தாளரின் வேகங்களை விவரிக்க முடியும். ஒரு காலத்தில் பலர் ஒருங்கே புதிய வடிவமொன்றுக்கு ஏன் திரண்டனர் என்பதை விளக்க முடியாது. இது அத்திறனாய்வாளரின் திறமைக் குறைவன்று, எடுகோளின் விளைவு.

எனினும் இலட்சிய வாயு பொய்யன்று. தாழ்ந்த அமுக்கத்திலும் உயர்ந்த வெப்பநிலையிலும் உண்மையான வாயுக்கள் அவ்விதியைப் பெருமளவு பின்பற்றுகின்றன. இவ்விடத்து ஏங்கெல்ஸ் சிறந்த முன்மாதிரியாக விளங்குகின்றார். நிரந்தர உண்மைகள் பற்றி டூரிங்குடன் வாதிடுமிடத்து அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் போயிலின் விதியேயாகும். சில வாயுக்களுக்கு அவ்விதி பொருந்தாமையை ரெனோ தமது நுணுக்கமான அளவீடுகளாற் காட்டியிருந்தார். அதனால் விதி பொய்யாகிவிட்டதென ஓடுபவனும், விதி எங்கும் செல்லுமெனச் சாதிப்பவனும் ஒருங்கே தவறுகின்றனர். எந்த எல்லைக்குள் அது உண்மை என்று காண்பதே விஞ்ஞானம் என்பது ஏங்கெல்சின் நிலைப்பாடு. இந்நேர்மையை நாம் நமது விதிகளுக்கும் காட்டுதல் வேண்டும். தனிமையின் உச்சத்தில் எழுந்த ஒரு தன்னுணர்ச்சிப் பாடலை எழுத்தாளனின் உள்ளத்தை மாத்திரம் கொண்டு ஓரளவு நன்றாகவே வாசிக்கலாம். சமூகம் அடர்த்தியாகி மனிதர் ஒருவரையொருவர் இறுகப் பற்றும் காலத்தின் நாவலை அவ்வாறு வாசிக்க முடியாது.

6. சராசரியும் வகைமாதிரியும்

அறையிலுள்ள வளியின் மூலக்கூறுகள் சராசரியாக விநாடிக்கு ஏறத்தாழ 500 மீற்றர் வேகத்தில் இயங்குகின்றன. சில மிக மெதுவாகவும் சில மிக விரைவாகவும் செல்கின்றன. தனியொரு மூலக்கூறுக்கு வேகம் உண்டு, வெப்பநிலை இல்லை. வெப்பநிலை கூட்டத்தின் பண்பு. ஒரு காலத்தின் உணர்வு, ஒரு வர்க்கத்தின் நோக்கு என்றெல்லாம் நாம் பேசுவது தனியாள்களிடம் இல்லாத ஒன்றைப் பற்றி என்று நகைப்பவருக்கு இவ்வுண்மை தக்க விடையாகும். கூட்டத்தில் மாத்திரம் உள்ள பண்பும் உண்மையான பண்பே.

இங்கு சுவையானதொரு வரலாற்றுச் செய்தியும் உண்டு. மூலக்கூறுகளின் வேகப் பரம்பலை 1860இல் மக்ஸ்வெல் வகுத்தபோது அவருக்குத் துணைநின்ற சிந்தனை சமூகப் புள்ளிவிபரவியலிலிருந்து வந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கெத்தலே 1835இல் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை முன்வைத்திருந்தார். அவருடைய நூல் பற்றி ஹேர்ஷல் எழுதிய விரிவான மதிப்புரையை மக்ஸ்வெல் வாசித்திருந்தார். மூலக்கூறுகளை ஆராய்பவன் குடிசனக் கணக்கெடுப்பாளனின் முறையையே கைக்கொள்கின்றான் என 1873ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் அவரே விளக்கினார். வாயுவிலிருந்து சமூகத்துக்கு உவமை எடுப்பதற்கு முன்னரே, சமூகத்திலிருந்து வாயுவுக்கு உவமை சென்றுவிட்டது. இயற்கை விஞ்ஞானம் கடன் கொடுக்கும்; மானிடவியற்றுறைகள் கடன் வாங்கும் என்ற எண்ணம் வரலாற்றுக்கு ஒவ்வாதது.

ஆயினும் சராசரியோடு நின்றுவிடுதல் இலக்கியத்துக்குப் போதாது. லூக்காச் வகைமாதிரியைச் சராசரியிலிருந்து வேறுபடுத்தியமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஒரு காலத்தின் முரண்பாடுகள் உச்சநிலையில் வந்து கூடும் பாத்திரமே வகைமாதிரி. அது பெரும்பாலும் சராசரியானதன்று. ஒரே வாயுவின் மூலக்கூறுகளிடையே வேகத்தைத் தவிர வேறு வேற்றுமை இல்லை. மனிதருக்கோ நினைவும் நோக்கமும் உண்டு. அவர்கள் தம்மைச் சூழ்ந்த வெப்பத்தை அறிந்து அதனைக் கூட்டவோ தணிக்கவோ முற்படுகின்றனர். எந்த வாயுவும் தன்னைப் பற்றி நாவல் எழுதுவதில்லை. உவமை முடியுமிடம் இதுவே.

7. திறனாய்வாளன் செய்யவேண்டியது

கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) நாவலை எடுத்துக்கொள்வோம். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் ஆலயத்தின் முன் நிகழ்ந்த போராட்டமும் இதன் காலப் பின்னணியோடு பிரிக்கவொண்ணாதவை. பழைய கேத்தலைக் கையில் வைத்திருக்கும் திறனாய்வாளனுக்கு இங்கு வேலை எளிது. அடக்குமுறை ஏறியது, 1966இல் கொதித்தது, நாவல் பிறந்தது என்று எழுதிவிடுவான். அவ்வாறு எழுதப்படும் வரலாற்றில், 1920களின் இறுதியிற் பாடசாலைகளில் சம ஆசனம் கோரியோருக்கு இடமிராது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்பும் கோயில் வாயில்களும் தேநீர்க்கடைகளும் பலவிடங்களில் மூடியே கிடந்த ஆண்டுகளுக்கும் இடமிராது. அவ்வாண்டுகளில் வெப்பமானி அசையவில்லை. ஆனால் அங்குதான் பெருஞ்செலவு நடந்தது.

மீட்கப்பட்ட உவமையோ அவனிடம் வேறு கேள்விகளைக் கேட்கும். இம்மாற்றத்துக்கு எத்தனை காலம் எவர் உழைப்பு மறைவெப்பமாகச் சென்றது? எந்த அமுக்கம் அதனைத் தடுத்தது. அவ்வமுக்கம் எங்கு தளர்ந்தது? எந்தச் சங்கம், எந்தச் சஞ்சிகை வித்தாக அமைந்தது? புதியது தோன்றியபின் பழையது எவ்வளவு காலம் அதன் அருகே நின்றது? அந்த எழுத்தாளனை அவனுடைய மக்களோடு பிணைத்த கவர்ச்சி எத்தகையது? இக்கேள்விகளுக்கு நாவலின் மொழியையும் அமைப்பையும் பாத்திரங்களையும் கூர்ந்து வாசித்தே விடை காணல் வேண்டும். பௌதிகவியல் கேள்விகளைக் கூர்மையாக்கும், விடைகளைத் தராது.

இலக்கியத் திறனாய்வாளன் பௌதிகவியலைக் கற்கத்தான் வேண்டுமா எனக் கேட்கப்படலாம். 'மாயையும் யதார்த்தமும்' எழுதிய கிறிஸ்தோபர் கோட்வெல், 1937இல் ஸ்பெயின் போர்க்களத்தில் இருபத்தொன்பது வயதில் மடிவதற்கு முன், பௌதிகவியலின் நெருக்கடி பற்றியும் ஒரு நூலை எழுதி வைத்திருந்தார். 1939இல் அது அச்சேறியது. அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் விஞ்ஞானத்தின் பெயரால் பேசுபவன் அவ்விஞ்ஞானத்தைக் கற்றிருத்தல் வேண்டும் என்ற பொறுப்பை அவர் உணர்ந்திருந்தார். ஆரம்பப் பௌதிகம் நம் நாட்டிற் பல்லாண்டுகளாகத் தமிழிலேயே கற்பிக்கப்பட்டு வருகின்றது. மறைவெப்பம், அவதி வெப்பநிலை, இலட்சிய வாயு ஆகியன நமது மாணவர் நாவிற் பழகிய சொற்கள். அவர்கள் அறிந்ததைவிடக் குறைவாக அறிந்துகொண்டு அவர்களுக்கு இயங்கியல் கற்பிக்க முற்படுவது நமக்கு அழகன்று.

நிபந்தனைகளோடு கூறப்படும் விதி பலவீனமான விதியன்று. எங்கு செல்லாது என்று தெரிந்த விதியைத்தான் செல்லுமிடத்தில் நம்பிப் பயன்படுத்தலாம். அடுத்தமுறை கேத்தலை அடுப்பில் ஏற்றும் திறனாய்வாளர், அது எவ்வூர் அடுப்பு என்றும், நீர் கொதிக்கத் தொடங்கிய பின்னும் விறகு இட்டுக்கொண்டிருந்தவர் எவர் என்றும் சேர்த்தே எழுதுவாராக.